முப்பத்துநான்கு சிவப்பு உறைகள்

ஜெர்மன் கடிதம் ஒன்றைப் படிக்க ஜெர்மன் மொழி பாதிதான் தேவை. மீதியை உறையே சொல்லிவிடும். மஞ்சள் உறை நீதிமன்றத்திலிருந்தோ அதிகாரிகளிடமிருந்தோ வரும். தேதியைக் குறித்துவைத்துப் பதில் எழுத வேண்டும். கண்ணாடித்தாள் ஒட்டிய வெள்ளை உறை காப்புறுதிக்காரர்களுடையது. இரண்டு நாள் பொறுக்கலாம். கையால் முகவரி எழுதியிருந்தால் யாரோ இறந்திருப்பார்கள், இல்லையென்றால் யாருக்கோ கல்யாணம்.

என் பெயர் குணசேகரம், வயது ஐம்பத்தாறு. ஒரு பாடசாலையில் தரை துடைக்கிறேன். பொலிஸ்காரரான உங்கள் கேள்விகளுக்கு ஜெர்மனிலேயே பதில் சொல்ல முடியும் என்றாலும் தமிழில் சொல்கிறேன் என்றேன். பக்கத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் பொறுமையானவராகத் தெரிகிறார். நான் சொல்வதை அவர் அப்படியே சொல்வார் என்று நம்புகிறேன்.

பத்தொன்பது வருடங்களாக பேர்லினின் நொய்கெல்ன் பகுதித் தமிழர்களின் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்கிறேன். காசு வாங்கியதில்லை. ஞாயிறு கோயில் பூசை முடிந்ததும் என் வீட்டுச் சமையலறைக்கு, எங்கள் பேச்சில் குசினிக்கு, வருவார்கள். "அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ, நெஞ்சு இடிக்குது" என்பார்கள். நான் கண்ணாடியைப் போட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மௌனமாகப் படிப்பேன். அந்த இரண்டு நிமிடமும் ஒருவரும் உட்காரமாட்டார்கள். கதிரை காட்டினாலும் நின்றுகொண்டேதான் என் முகத்தைப் பார்ப்பார்கள். உணவகத்தில் கோப்பை கழுவும் முருகேசன் பகிடியாகச் சொல்வான்: "குணம் அண்ணை தும்மினாலும் சனம் அதையும் ஒரு அறிவித்தல் எண்டு நினைச்சுக் கையெழுத்து வைக்கும்."

2006 செப்டம்பரில் பேர்லின் மாநிலத் தேர்தல். எங்கள் தொகுதியில் ஆறு வேட்பாளர்கள். அதில் ஒருத்தி எங்கள் கோயிலுக்கு வரும் பாலச்சந்திரனின் மகள் கவிசா. வயது இருபத்தெட்டு, சட்டம் படித்தவள். ஒரு ஆஸ்பத்திரியில் பகுதி நேரமாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை. அவளைப் பற்றி இன்றைக்கும் குறையாக ஒரு சொல் சொல்ல மாட்டேன்.

ஜூலையில் கோயில் மண்டபத்தில் அவள் பேசினாள். "நான் வெண்டால் இங்கை ஒரு ஆலோசனை நிலையம் திறப்பிப்பன். கடிதம் வந்தால் அங்கை கொண்டு போகலாம். இனி ஒருத்தரும் ஆரின்ரையும் குசினிக்குள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிக்கத் தேவையில்லை."

"அப்ப குணம் அண்ணைக்கு பென்சன் குடுக்க வேணும், பிள்ளை!" என்று முருகேசன் கத்தினான்.

"குணம் மாமாவுக்கு அங்கை ஒரு கதிரை போடுவம்" என்று அவள் சிரித்தாள்.

மண்டபமே கைதட்டியது. என்னிடம் இத்தனை வருடம் கடிதம் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். கடைசியாக நிறுத்தியவன் நான்தான்.

உங்கள் ஊரில் தேர்தல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு ஞாயிறுதான் உணவகத்தில் நெருக்கடி. தபாலில் வாக்களிக்கலாம் என்று அவர்களுக்குச் சொன்னவன் நான். விண்ணப்பங்களை நிரப்பியவனும் நான். ஆகஸ்டில் வாக்குச்சீட்டுகள் வந்து சேர்ந்ததும், திருப்பி அனுப்பும் சிவப்பு உறைகளோடு ஒவ்வொருவராக வந்தார்கள்.

"அண்ணை, கவிசாவுக்குப் போட்டு விடுங்கோ. எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு இன்னொருவர் உதவலாம், ஆனால் வாக்காளர் சொன்ன பெயருக்கு நேரேதான் புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, இட வேண்டும் என்று அந்தத் தாளில் இருந்தது. அந்த வரியை ஒவ்வொருவருக்கும் சரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர்கள் போனபின் புள்ளடியை வெல்லக்கூடிய மற்ற வேட்பாளருக்கு இட்டேன். மொத்தம் முப்பத்துநான்கு உறைகள்.

கவிசா சின்னப் பிள்ளை என்று நினைத்தேன். வென்று, சொன்னதைச் செய்ய முடியாமல் போனால் எல்லாத் தமிழருக்கும் வெட்கம் என்று நினைத்தேன். ஐந்து வருடம் பொறுத்தால் இன்னும் முதிர்ந்து வருவாள் என்று நினைத்தேன். இவை எல்லாம் உண்மையாகவே நான் நினைத்தவை. எந்த வரிசையில் நினைத்தேன் என்று நீங்கள் கேட்டால், கைதட்டல் முதலில் வந்தது.

நாற்பத்தொரு வாக்குகளால் அவள் தோற்றாள். அவளிடமிருந்து எடுத்து மற்றவருக்குக் கொடுத்த ஒவ்வொரு உறையும் இரண்டு வாக்கு வித்தியாசம்; முப்பத்துநான்குக்கு அறுபத்தெட்டு. முடிவு வந்த அன்று அழுதவர்களை அவளே தேற்றினாள். என்னிடம் வந்து கையைப் பிடித்து, "மாமா, நீங்கள்தான் கூடப் பாடுபட்டியள்" என்றாள். "அடுத்தமுறை பாப்பம், பிள்ளை" என்றேன்.

இதுவரை சொன்னது உங்களுக்கு முன்பே தெரியும். நீங்கள் கேட்காததை இனிச் சொல்கிறேன்.

முப்பத்துநான்கு பேரில் ஒருவர் மட்டும் உடனே போகவில்லை. தேவமலர். மலரக்கா என்போம். அறுபத்துமூன்று வயது, அலுவலகங்கள் கூட்டித் துடைப்பவர். "தம்பி, நான் பாக்கப் புள்ளடியைப் போடு. பிள்ளைக்கு முதல் வோட்டுப் போட்டனான் எண்டு சொல்ல வேணுமெல்லே" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் மற்றவரின் பெயருக்கு நேரே இட்டேன். சுவரொட்டியில் கவிசாவின் பெயரைப் பார்த்துப் பார்த்து அந்த எழுத்துகள் அவருக்குப் பழகியிருந்ததை நான் எண்ணவில்லை.

"இது அவளின்ரை பேர் இல்லையே?"

"இங்கை கழிக்கிற முறை, அக்கா. வேண்டாத ஆளைத்தான் வெட்டுறது."

"ஆறு பேர் நிக்கினம். மற்ற நாலு பேரையும் வெட்டேல்லையே?"

"வெல்லக்கூடிய ஆளை மட்டும் வெட்டினால் காணும்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு, "உவங்கள் எல்லாத்தையும் தலைகீழாத்தான் செய்வாங்கள்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

தேர்தல் முடிந்தபின் அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நவம்பரில் ஒருநாள், "தம்பி, அந்தக் கழிக்கிற விசயத்தைக் கவிசாவிட்டை ஒருக்கா வடிவாக் கேக்கப் போறன். அடுத்தமுறை பிழை விடக்கூடாது" என்றார். சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. என்னை நம்பித்தான் சொன்னார்.

அந்த மாதமே ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது. வயிற்றுநோவுக்காக அவருக்குக் குழாய் விட்டுப் பார்த்து, சின்னத் துண்டொன்று எடுத்திருந்தார்கள். கடிதத்தோடு என் குசினியில் நின்றார். நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். எடுத்த துண்டில் புற்றுநோய் இருக்கிறது, இன்னும் பரவவில்லை, உடனே வந்தால் அறுத்து எடுக்கலாம் என்று எழுதியிருந்தது. தேதியும் நேரமும் குறித்திருந்தார்கள். மொழிபெயர்க்க வருபவரின் பெயர் கீழே இருந்தது. கவிசா.

"என்னவாம் தம்பி?"

"ஒண்டுமில்லை அக்கா. புண் எண்டு போட்டிருக்கு. அடுத்த வருசம் ஒருக்கா வந்து காட்டட்டாம்."

"அப்ப டெர்மின், போற நாள் நேரம் ஒண்டும் இல்லையே?"

"இல்லை."

"முருகா" என்று நெஞ்சில் கைவைத்து அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார். என் குசினியில் கடிதத்தோடு வந்து உட்கார்ந்த ஒரே ஆள் அவர்தான். அடுத்த ஞாயிறு எனக்கு வடை சுட்டுக்கொண்டு வந்தார். சாப்பிட்டேன்.

ஜனவரியில் இரண்டாவது கடிதம் வந்தது. ஏன் வரவில்லை, இனியும் தாமதிக்க வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். அதற்குள் அவர் மெலிந்திருந்தார். வீட்டுத் தொலைபேசியில் ஜெர்மன் குரல் கேட்டால் பயந்து வைத்துவிடுவதாகச் சொன்னார். அன்றைக்கு உண்மையைப் படித்திருக்கலாம். படித்தால் முதல் கடிதத்தைப் பற்றிக் கேட்பார் என்று யோசித்தேன். "முந்தினதைத்தான் திருப்பி அனுப்பியிருக்கினம்" என்றேன். என் குரல் கொஞ்சமும் மாறவில்லை. பாடசாலையில் தரை துடைக்கும்போது அந்தக் குரல் எனக்கு இப்போதும் கேட்கிறது. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டு நிற்கிறேன்.

மே மாதம் மலரக்கா இறந்தார். முப்பத்தோராம் நாள் காரியத்துக்குக் கவிசாவும் வந்தாள். மலரக்காவின் மகள் ரஞ்சினி அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அம்மா உங்களுக்காக மற்ற ஆளை வெட்டிக் கழிச்சவா" என்று பெருமையாகச் சொன்னாள். கவிசாவின் கை இலையில் அப்படியே நின்றது. அவள் எதிர்ப்பந்தியில் இருந்த என்னைப் பார்த்தாள். அடுத்த வாரம் உங்களிடம் வந்தாள்.

அவள் முறையிட்டது வாக்குகளைப் பற்றி மட்டும். கடிதங்கள் இரண்டையும் பற்றி அவளுக்குத் தெரியாது; நோயாளி வந்தபின்தான் ஆஸ்பத்திரியில் அவளைக் கூப்பிடுவார்கள். ரஞ்சினிக்கும் தெரியாது. அவற்றை நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். இதோ, மேசையில் வைக்கிறேன். மலரக்காவைக் கொன்றது நோய் என்று மருத்துவர் எழுதியிருப்பார். நான் என்று நீங்கள் எழுதுங்கள்; கையெழுத்து வைக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதையெல்லாம் எழுதி நீங்கள் ரஞ்சினிக்கு ஒரு கடிதம் அனுப்புவீர்கள். அவள் ஊரிலிருந்து கல்யாணம் கட்டி வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. ஜெர்மன் வாசிக்க வராது. முன்பின் தெரியாத யாரோ அதைத் திடீரென்று படித்துக் காட்டினால் பிள்ளை தாங்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். நான் பக்குவமாகப் படித்துச் சொல்கிறேன்.