அட்டை மூடிய பாதி

வெண்டைக்குக் காலை வெயில் பிடிக்கும். தோட்டம் போட நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மண்ணை அல்ல, நிழலை. வீட்டுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் சுவரின் நிழல் எப்போது எங்கே விழுகிறது என்று நாற்காலி போட்டு ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். "நிழல் எங்கயும் ஓடிப்போயிடாதுங்க, சாப்பிட வாங்க" என்று உன் அம்மா கூப்பிட்டது உனக்கு நினைவிருக்கும். நீ கேட்ட கேள்விக்கு அங்கிருந்து ஆரம்பித்தால்தான் சரியாக விளங்கும்.

பிறகு மண். ஒரு பிடி எடுத்து நனைத்து உள்ளங்கையில் உருட்டினேன். கயிறுபோல் நீண்டது, வளைத்தாலும் உடையவில்லை. களிமண் என்று அர்த்தம். அதில் சத்து உண்டு, காற்று கிடையாது. காற்றில்லாத இடத்தில் வேர் இறங்காது. ஆகவே மேல்மண்ணை எடுத்து ஒதுக்கி, அடிமண்ணைக் கடப்பாரையால் நெகிழ்த்தி, மட்கிய உரம் கலந்து, மேல்மண்ணால் திரும்ப மூட வேண்டும்.

அம்மா வேறு ஒன்று சொன்னாள். அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த யாரோ சொன்னார்களாம், கொத்தவே வேண்டாமென்று. காலி அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் பரப்பி, நன்றாக நனைத்து, அதன்மேல் காய்ந்த இலையும் எருவும் வைக்கோலும் போட்டு, அட்டையில் துளையிட்டு நாற்று நட்டால் போதுமாம். புல் வெளிச்சமில்லாமல் சாகும், மண்புழு கீழே உழும்.

"அட்டைப்பெட்டியப் பயிர் பண்ணப் போறியா?"

"நீங்க மண்ணுக்கு ஆபரேஷன் பண்றப்ப நான் இதையாவது பண்றேன்."

செங்கல் வரிசையால் இடத்தைச் சரிபாதியாகப் பிரித்தது நீதான். யார் பாதி நன்றாக வருகிறதோ அவர் முறைப்படிதான் அடுத்த தடவை முழு இடமும் என்று தீர்ப்புச் சொன்னதும் நீதான். இரண்டு பாதியிலும் வெண்டை, கத்தரி. அவள் வேலை ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. நான் வாரக்கணக்கில் கொத்தினேன். இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டவளும் அவள்தான்.

கொத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. அருகம்புல்லின் வேரை வெட்டினால் அது சாகாது; துண்டுக்கு ஒரு செடியாகக் கிளம்பும். என் பாதியில் வெண்டையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவள் பாதியில் கத்தரி பூ வைத்துவிட்டது. எதிர்வீட்டு டிரைவர் வந்து பார்த்துவிட்டு, "சார், நீங்க மாடு வளர்க்கப் போறீங்களா?" என்று கேட்டார். அதை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் அன்று மாலை உன் அம்மா பக்கத்தில் வந்து, கிண்டலே இல்லாமல், "உங்க பக்கத்துக்கும் கொஞ்சம் அட்டை எடுத்து வைக்கட்டுமா?" என்றாள். தோற்றவனிடம் பேசுகிற குரல் அது. அந்த முறை தவறு என்பதை யாராவது அவளுக்குப் புரியவைக்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

பெரியம்மாவின் ஆபரேஷனுக்கு நீங்கள் இருவரும் ஊருக்குக் கிளம்பினீர்கள். "என் பாதிக்கும் தண்ணி ஊத்துங்க. அட்டை காஞ்சிடக்கூடாது" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனாள். ஊற்றினேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

என் தொழில் உனக்குத் தெரியும். கடினத் தண்ணீரை மென்மையாக்கும் மெஷின்களைப் பழுது பார்க்கிறேன். உள்ளே இருக்கும் சின்னப் பிசின் மணிகள் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். அவற்றைக் கழுவ உப்புக் கரைசலை உள்ளே விட வேண்டும். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடுவோம். நம் வீட்டு மெஷினில் நான் அதை வாளியில் பிடித்தேன்.

உப்பு வேலை செய்யும் விதம் அழகானது. வேருக்கு வெளியே உப்பு அதிகமானால், வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாது. உள்ளே இருப்பதும் வெளியே போகும். செடி ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தில் சாகும். இலையில் பட்டால் சட்டென்று கருகும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆகவே வைக்கோலை விலக்கி, தண்டின் அடியில் மட்டும் ஊற்றிவிட்டு மறுபடி மூடினேன். மண்புழுக்கள் செங்கல்மேல் ஏறி வந்து கிடந்தன. அவற்றைக் கூட்டிப் போட்டேன்.

அம்மா திரும்பி வந்தபோது இலை ஓரங்கள் பழுத்திருந்தன. பையைக்கூட இறக்கவில்லை. "தண்ணி பத்தலையா?" என்று குடம் குடமாக ஊற்றினாள். "அட்டை மூச்சு விடாதும்மா. வேர் அழுகியிருக்கும்" என்று பொறுமையாக விளக்கினேன். பூக்கள் உதிர்ந்த அன்று அவள் அந்தப் பாதியின் ஓரத்தில் உட்கார்ந்து, "என் கை பட்டா எதுவுமே உருப்படாது போல" என்றாள். தோளில் கை வைத்து, எல்லாருக்கும் எல்லாம் வராது என்று ஆறுதல் சொன்னேன். பூவாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனவள் இன்றுவரை பின்கதவைத் திறக்கவில்லை.

ஒன்றை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. அவள் ஊற்றிய குடங்கள் உப்பைக் கரைத்தன. அட்டைக்குக் கீழே கொத்தாத தரை, தண்ணீர் இறங்காது. சரிவு என் பக்கம். உப்புத் தண்ணீர் செங்கல்லுக்கு அடியில் நுழைந்து என் பாதிக்கு வந்துவிட்டது. வெண்டை போயிற்று, கத்தரி போயிற்று. அருகம்புல்கூடப் பழுத்துவிட்டது. செங்கல்மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததை நீ விரலால் தொட்டு நாக்கில் வைத்தாய். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, யாரு ஊத்தினது?" என்று கேட்டாய்.

நான்தான். தெரிந்தே ஊற்றினேன். அவள் கையில் ஒரு குறையும் இல்லை. அவளிடம் நான் சொல்லாவிட்டால் நீயே சொல்லிவிடுவதாகச் சொல்கிறாய். வேண்டாம், பின்கதவைத் திறந்து, அந்தச் செங்கல் பக்கத்திலேயே நிற்கவைத்து, நானே சொல்கிறேன்.

ஆனால் நடுவர் என்கிற முறையில் நீயும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவு உப்புத் தண்ணீரும் ஒரு சொட்டு தேங்காமல் உள்ளே இறங்கியிருக்கிறது என்றால், நான் கொத்திய மண் எவ்வளவு பொலபொலவென்று இருந்திருக்க வேண்டும்.