பூச்சுக்கு அடியில்

கெம்போங் மீனில் முள் எடுக்கக் கண் வேண்டியதில்லை. நாக்கே பார்த்துக்கொள்ளும். இருந்தும் வீரமுத்து சாப்பாட்டு நேரத்துக்கு என் வீட்டுக்கு வந்து, மீனைப் பிய்த்து, முள்ளை ஒதுக்கி, என் விரலருகே வைத்துவிட்டுத்தான் போவான். வேண்டாமென்று சொன்னால் கேட்கமாட்டான். அவன் எப்படிப்பட்டவன் என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் பெடாஸ் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், மரப்பால் வந்து சேரும் பால் ஸ்டோரில் வேலை செய்தவர்கள். பாலை உறைய வைக்கிற ஆசிட் கேனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கும்போது ஒருநாள் அது நழுவியது. மூடி தெறித்து ஆசிட் என் முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணும் போயின. வழுக்கியது என் கைதான் என்று, எங்களை மேற்பார்க்கும் மண்டோர் சொன்னார். வீரமுத்துதான் யாரும் கேட்காமலே தன் கை என்றான். கேட்காமலே ஒருவன் பழியை ஏற்றுக்கொண்டால் சந்தேகம் வராதா, சொல்லுங்கள்.

அன்றிலிருந்து அவன் என்னை விடவில்லை. கோயில், முடிவெட்டும் கடை, பாசார், எங்கே போனாலும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். "கூடப்பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் லா," என்று என் மனைவி தனலெட்சுமி ஓயாமல் சொல்வாள். ஒருவன் தயவில் கிடப்பது எப்படியிருக்கிறது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை.

இறந்தவர்களின் கருவிழியை இரண்டு தடவை வைத்துப் பார்த்தார்கள். நிற்கவில்லை. பிறகு சிரம்பானில் டாக்டர் ரோகினி, வலது கண்ணில் செயற்கைக் கருவிழி வைக்கலாம் என்றார்.

"வெறும் பிளாஸ்டிக்க ஒடம்பு ஏத்துக்காது அங்கிள். சதைக்கும் அதுக்கும் நடுவுல சந்து விழும், கிருமி பூந்துரும். அதான் இதோட ஓரத்துல மெல்லிசா ஒரு கோட்டிங் குடுத்துருக்காங்க. சதை அதத் தன்னோடதுன்னு நெனச்சுப் புடிச்சுக்கும்."

"அப்ப சதைய ஏமாத்துறீங்க," என்றேன்.

"நல்லதுக்குத்தான் லா," என்று சிரித்தார்.

பூச்சு வேலை செய்தது. சில வாரங்களில் சதை பிடித்துக்கொண்டு பார்வை தெளிந்தது. வீட்டில் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். வெளியே காத்திருந்த வீரமுத்துவிடம், "நெழலாட்டம்தான் தெரியுது," என்றேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அவன் முகம் வாடிப்போனது. குரல் மட்டும் உற்சாகமாக, "பரவால்லண்ணே, மெதுவா வரும்," என்றது. முகம் ஒன்று, குரல் ஒன்று. அப்போதே கவனித்தேன்.

அந்த மழைக்காலம் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவனைத் தெரிந்துகொள்ள இதைவிட நியாயமான வழி கிடையாது. தனலெட்சுமியை அவன் எப்படிப் பார்க்கிறான் என்று பார்த்தேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை. லோரி வந்தால் என்னை உள்பக்கம் தள்ளிவிட்டுத் தான் சாலைப் பக்கம் மாறிக்கொண்டான். பெரிய மீன் துண்டு என் தட்டுக்கே வந்தது. எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றுமே அகப்படாத மனிதனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவன் மேல் இருந்த பூச்சு அவ்வளவு கனம் என்றுதான் எனக்குப் பட்டது.

ஒருநாள் பெடாஸ் பஸ் நிறுத்தத்தில், பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துச் சத்தமில்லாமல் அழுதான். எனக்கு அது போதும். குற்றம் செய்யாதவன் எதற்கு அழ வேண்டும்?

மறுநாள் காலை, "வீட்டுல தனியா இருக்க வேணாம்ணே," என்று என்னைத் தான் இன்னும் வேலை பார்க்கும் பால் ஸ்டோருக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தான். குவளையில் ஆசிட்டை ஊற்றி வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போனான். நான் எழுந்து குவளையை எடுத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பினான். இரண்டு கண்ணிலும் படும்படி பார்த்துத்தான் வீசினேன். கண் தெரியாத நான் கைதவறித் தட்டிவிட்டதாக ஆஸ்பத்திரியில் உங்கள் போலீஸ்காரர்களிடம் சொன்னானாமே, அதை நம்பாதீர்கள். அவன் காட்டுகிற அந்தத் தயவும் எனக்கு வேண்டாம்.

அவன் முட்டிபோட்டு விழுந்தான். இனியாவது உள்ளே இருப்பது வெளியே வரும், என்னைத் திட்டுவான், உண்மையைக் கக்குவான் என்று நின்றிருந்தேன். ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, மறு கையை என் பக்கம் நீட்டித் துழாவினான்.

"அண்ணே, நவராதீங்க. ஆசிட் கொட்டிருச்சி. அங்கேயே நில்லுங்க, ஒங்க கண்ணுல பட்டுறப் போவுது."

கடைசிவரைக்கும் அவன் நடிப்பை விடவில்லை.