காயாத பாத்திரங்கள்

ஈரத் தட்டில் சாப்பிடுவது எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான் விஷயம். ஒரு துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டால் தீர்ந்தது என்று நீங்கள் சொல்லலாம். என் மனைவியும் அதைத்தான் சொல்லுவாள். கழுவிய பாத்திரத்தைத் துடைக்க ஓர் ஆள் வேண்டுமென்றால் அதைக் கழுவ ஒரு மெஷின் எதற்கு? இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் கடைசிவரை யாரும் பதில் சொல்லவில்லை.

டீ வரவழைத்ததற்கு நன்றி. இன்று நானாகத்தான் வந்திருக்கிறேன், நீங்கள் கூப்பிடவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், மனைவி, அவளுடைய அப்பா. எனக்குப் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. பெல்ட்டில் ஓடிவரும் மூடிகளில் கோணலானதை, ஓரம் பிசிறியதைப் பொறுக்கி எடுப்பேன். ஒரு மூடி கெட்டு வந்தால் அச்சு சரியில்லை, அல்லது சூடு சரியில்லை, அல்லது ஆள் சரியில்லை. காரணம் இல்லாமல் எந்த மூடியும் கெடாது. இந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடுகிறது. என்ன செய்வது?

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. மதியம் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரங்களை மெஷினுக்குள் அடுக்கி, பொத்தானை அழுத்திவிட்டுக் கிளம்பிவிடுவாள். மாமா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் போனபிறகு எங்களோடு வந்து சேர்ந்தார். மதியத்தில் வீட்டில் அவர் மட்டும்தான் இருப்பார்.

மாலையில் வந்து மெஷினைத் திறப்பேன். தட்டுகள் சொட்டிக்கொண்டு நிற்கும். கிண்ணங்களின் அடிக்குழியில் தண்ணீர். டம்ளர்களில் வெள்ளையாக ஒரு படலம். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். ஆனால் நான் கத்துகிற ரகமில்லை. துணியை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்குவேன். மாமா கூடத்திலிருந்து எட்டிப் பார்ப்பார்.

"என்ன இன்ஜினியர், இன்னிக்கும் மழையா?"

அது அவர் எனக்கு வைத்த பேர். முதலில் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்த நாளிலிருந்து இன்ஜினியர் ஆகிவிட்டேன்.

என்னென்ன செய்தேன் என்று கேளுங்கள். கடைசி அலசலில் கலக்கிற நீலத் திரவம் தீர்ந்திருக்கும் என்று நினைத்து வாங்கி ஊற்றினேன். பிளாஸ்டிக் டப்பாக்கள் சூட்டைப் பிடித்து வைக்காது, அதனால் காயாது என்று அறிந்து அவற்றை வெளியே எடுத்தேன். தண்ணீர் கடினமோ என்று அதற்கென்றே விற்கிற மெஷின் உப்பை வாங்கிப் போட்டேன். வடிகட்டியைக் கழற்றிப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஆவி வெளியேறும் மூடி ஒட்டிக்கொண்டிருந்தது, அதை நிமிர்த்தினேன். கடைசியில் சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்து, ஹீட்டரையே மாற்றினேன். கை சிராய்ந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது.

இதிலே எரிச்சல் என்னவென்றால், ரிப்பேர் செய்த அன்று பாத்திரங்கள் காய்ந்துவிடும். என் விடுமுறை நாளில்தானே ரிப்பேர் பார்ப்பேன், அன்று மதியம் மெஷினை ஓடவிட்டு பக்கத்திலேயே காத்திருப்பேன். திறந்தால் தட்டெல்லாம் சுடச்சுட, உலர்ந்து இருக்கும். அப்பாடா, பிடித்துவிட்டேன் என்று இருக்கும். மறுநாள் வேலை முடிந்து வந்தால் மறுபடி குளம். ஒரேயடியாகக் கெட்டுத் தொலைந்தால்கூட நிம்மதி. இது என் கண்ணில் விரலை விட்டு ஆட்டியது.

"இன்ஜினியர் நேத்து ஜெயிச்சாரு, இன்னிக்குத் தோத்துட்டாரு" என்பார் மாமா. என் மனைவி சிரிப்பாள். அவள் சிரிப்பு நல்ல சிரிப்பு, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சிரிப்பாள். கல்யாணமான புதிதில் அவளை அப்படிச் சிரிக்கவைக்க நான் என்னென்னவோ கோமாளித்தனம் செய்திருக்கிறேன். இப்போது அந்தச் சிரிப்பு முழுவதும் அப்பாவோடு சேர்ந்து, என்னைப் பார்த்து வந்தது. அது எனக்கு வலித்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மெக்கானிக்கை அழைத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார், ஓடவிட்டுப் பார்த்தார். பாத்திரங்கள் காய்ந்தே வந்தன.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். ஹீட்டர் புதுசா இருக்கே, யாரு மாத்தினது?"

"நான்தான்."

"நல்லா மாத்தியிருக்கீங்க" என்றார். இத்தனை நாளில் என்னிடம் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். பிறகு யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஓடிட்டிருக்கறப்ப யாரும் கதவைத் திறக்கறாங்களான்னு பாருங்க. இது பழைய மாடல். கடைசி அலசலுக்கு முன்னாடி தண்ணி உள்ளயே நின்னு சூடாகும். அப்ப சத்தமே இருக்காது. வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுத் திறந்துடுவாங்க. திறந்தா மெஷின் நின்னுடும். அப்புறம் எங்க காயறது?"

மாமா அங்கேதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கைகளைத் துண்டுக்கடியில் வைத்துக்கொண்டு. அவரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"மாமா, மதியத்துல நீங்க எப்பவாவது இதைத் திறந்தீங்களா?"

"நானா? அந்தப் பெட்டி பக்கமே நான் போறதில்ல. அதோட கதவு எந்தப் பக்கம் திறக்கும்னுகூட எனக்குத் தெரியாது."

மெக்கானிக் போனதும் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "வெளியாள் முன்னாடி அப்பாவைப் போய்க் கேக்கறீங்களே! உங்களுக்கு இந்த வேலை வரலன்னா வரலன்னு விட்டுடுங்களேன்."

அதன்பிறகு ஒரு நாள் தொழிற்சாலையில் பெல்ட் அறுந்து, எங்களை மதியமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்து வழியாக வந்தேன். சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம். உள்ளே மாமா இருந்தார். மெஷின் கதவு திறந்து கிடந்தது. அதற்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஆவிக்குள் நீட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரியே மடங்கிப்போயிருந்தன. அவற்றை மெல்ல விரித்தார், மடக்கினார், விரித்தார். கண் மூடியிருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

அவருக்குக் கைவலி என்பது அப்போது தெரியாது என்று உங்களிடம் போன தடவை சொன்னேன். தெரியும். ஜன்னலில் பார்த்த நொடியே தெரிந்துவிட்டது. டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்துக் குடிப்பது, சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவது, எல்லாம் அதற்குமுன் பார்த்தவைதான். மகளிடம் ஏன் சொல்லவில்லை என்பதும் புரிந்தது. சொன்னால் அவருடைய ஸ்கூட்டர் சாவியை அவள் வாங்கி வைத்துக்கொள்வாள். அவ்வளவு வருஷம் பஸ் ஓட்டியவருக்கு அது பெரிய விஷயம்.

கை சூடேறியதும் கதவைச் சாத்தினார். சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தார். கரண்ட் வீணாகக் கூடாது என்பது அவர் பழக்கம். நான் சந்து வழியாகவே சுற்றி முன்பக்கம் போய் மணியை அழுத்தினேன்.

"அட, இன்ஜினியர்! என்ன இவ்வளவு சீக்கிரம்? போய்ப் பாருங்க, இன்னிக்கும் மழைதான்" என்று சொல்லி என் பையை வாங்கிக்கொண்டார். அவர் விரல் என் விரலில் பட்டது. கதகதப்பாக இருந்தது.

அப்போதே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் அழுதிருப்பார். மனைவியும் அழுதிருப்பாள். ஒரு வெந்நீர்ப் பை வாங்கி வரச்சொல்லி என்னைத்தான் கடைக்கு அனுப்பியிருப்பார்கள். வலியோடு இருக்கும் வயதானவரிடம் யார் போய்ச் சண்டை போட முடியும்? நான் தரையில் புரண்டது, என்னைப் பார்த்துச் சிரித்தது எல்லாம் அந்த அழுகையில் கரைந்து போயிருக்கும். அதற்கு எனக்கு மனசு வரவில்லை.

காரணம் தெரிந்தால் ரிப்பேர் சுலபம். கதவைத் திறந்தால் மெஷின் நிற்கிறது. நின்றால் பாத்திரம் காய்வதில்லை. எனவே திறந்தாலும் அது நிற்கக் கூடாது. அடுத்த விடுமுறையில் மனைவியும் மாமாவும் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கதவு திறந்திருப்பது மெஷினுக்குத் தெரியாதபடி உள்ளே வயரை இணைத்தேன். கதவு திறந்திருந்தால் சூடு வீணாகும் அல்லவா, அதை ஈடுகட்ட, தண்ணீர் கொதிக்கும்வரை சூடாகும்படி தெர்மோஸ்டாட்டையும் மாற்றினேன். வேலை சுத்தம். தொங்குகிற வயர் ஒன்றுகூட இல்லை.

எந்த வேலையையும் சோதித்துப் பார்க்காமல் விட எனக்கு வராது. மெஷினை ஓடவிட்டேன். சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, ஓரமாக ஒதுங்கி நின்று, துடைப்பக் கட்டையால் கதவைத் திறந்தேன். கொஞ்ச நேரம் ஆவிதான் வந்தது. பிறகு பம்ப் ஓடத் தொடங்கியது. கொதிக்கிற தண்ணீர் எதிர்ச்சுவர் வரை அடித்தது. நான் முக்காலியை அவர் போடுகிற இடத்தில் போட்டு வைத்திருந்தேன். அது கால் முதல் பலகைவரை நனைந்தது. அதற்கு மேலேயும் தண்ணீர் போனது. பிறகு தரையையும் சுவரையும் துடைத்தேன். முக்காலியை வெயிலில் காயவைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மனைவியை நான் எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வந்ததும் அவளிடம் சொன்னேன். "ஓடும்போது கதவை மட்டும் திறந்துடாத. பக்கத்துலயே போகாத."

"நான் எங்க திறக்கறேன்? பொத்தானை அழுத்திட்டு ஓடறதுக்கே நேரம் சரியா இருக்கு. அப்பாகிட்டயும் சொல்லிடவா?"

"அவர்கிட்ட எதுக்கு? அவருக்குத்தான் கதவு எந்தப் பக்கம் திறக்கும்னே தெரியாதே."

அவள் அதற்கும் சிரித்தாள். இந்த முறை நான் சொன்னதற்கு.

மறுநாள் பெல்ட் அருகே நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார். முகம், கழுத்து, நெஞ்சு, இரண்டு கை. ஆஸ்பத்திரியில் மாமா பேசியபோது நீங்களும் அங்கே இருந்தீர்கள். கட்டுகளுக்கு நடுவே வாய் மட்டும்தான் தெரிந்தது.

"நான்தான் திறந்தேன். தினமும் நான்தான் திறப்பேன். கை வலிக்கும், ஆவியில காட்டுவேன். மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. பாவம், என்னாலதான் அவரு ரிப்பேர் பண்ணிப் பண்ணி அலுத்துப்போனாரு."

அத்தனை மாதமாக நான் கேட்க ஆசைப்பட்டது அதுதான். மகள் காதுபடச் சொன்னார். இன்ஜினியர் என்றுகூடச் சொல்லவில்லை, மாப்பிள்ளை என்றார். எனக்குக் கண் கலங்கியது. அது நடிப்பு என்று நினைக்காதீர்கள். அடுத்த வாரம் காயங்களில் சீழ் பிடித்து இறந்துபோனார்.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. நீங்களும் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். நேற்று இதே ஸ்டேஷனில் என் தோளில் தட்டி, "தெரியாத்தனமா வயரை மாத்திக் குடுத்துட்டீங்க. இனிமே தெரிஞ்சவங்களை வெச்சு ரிப்பேர் பாருங்க" என்றீர்கள். ஆறுதலாகத்தான் சொன்னீர்கள். வெளியே வந்ததும் மனைவி அழுதுகொண்டே கேட்டாள்: "உங்களுக்கு வராத வேலையை ஏங்க செஞ்சீங்க? எத்தனை தடவை சொன்னேன், விட்டுடுங்கன்னு."

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மனசாட்சி உறுத்துகிறது, அதனால்தான் வந்தேன். ஒரு பெரிய மனிதர் செத்திருக்கிறார், உண்மை தெரியவேண்டாமா? தெரியாமல் செய்தேன் என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். எந்த வயரை எங்கே இணைத்தேன், அவர் எங்கே உட்காருவார், தண்ணீர் எவ்வளவு தூரம் அடிக்கும், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். வேண்டுமானால் அந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு மெஷினைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையெழுத்து எங்கே போடவேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. என் மனைவியிடம் இதை நீங்கள்தான் சொல்லப்போகிறீர்கள். சொல்லும்போது, நான் செய்த ரிப்பேரில் ஒரு குறையும் இல்லை என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.