தக்காளிச் சாற்றில் ஊறிய ஜெர்மன் பேட்ஜ்

“எவனோ ஜெர்மன்காரன் குறி பார்த்துச் சுட்டதுக்கு நான் பேட்ஜ் அடிச்சுட்டேண்ணே.”

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் பேருந்தில் இது காதில் விழுந்ததும் நான் தூங்குவதுபோல் நடிக்கத் தொடங்கினேன். நம்பும்படி இருக்கட்டும் என்று கொஞ்சம் குறட்டையும் விட்டேன். முன்சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர். பேசியவர் இளையவர், அச்சுகள் செய்யும் டூல் ரூம் ஆள். நூறு வருடத்துக்கு முன் ஜெர்மன் ராஜாவின் பட்டாளத்தில் குறி தவறாமல் சுட்டவர்களுக்குக் கொடுத்த பேட்ஜ்களைச் சேர்க்கிறவராம்.

“பேட்ஜுக்கு பேட்ஜ் மாத்திக்கலாம்னு ஜெர்மனியிலருந்து ஒரு பெரியவரு கேட்டாரு. அவருதை அனுப்பிட்டாரு. என்னுதைக் குடுக்க மனசு வரல. அதே மாதிரி டை அச்சு போட்டு ஒண்ணு அடிச்சு அனுப்பிட்டேன்.”

“புதுசுன்னு தெரிஞ்சிருக்குமேடா?”

“தக்காளிச் சாத்துல ஒரு வாரம் ஊறப்போட்டேன்.”

“அடப்பாவி, நாம தங்கியிருக்கிற ரூம்ல அடிச்ச நாத்தம் அதானா! செத்த எலியைத் தேடி என் பெட்டியெல்லாம் கொட்டிக் கவுத்தேனேடா.”

இளையவர் சிரிக்கவில்லை. “அவரு தாத்தா வாங்குனதும் அதே பேட்ஜாம். தொலைஞ்சு போச்சாம். நான் அனுப்புனதைத் தாத்தா போட்டோகிட்ட வெச்சுட்டு, கும்பிடாத குறையா மெயில் போட்டாருண்ணே.”

“ஒரிஜினலை அனுப்பி மன்னிப்புக் கேளு.”

“அனுப்பிட்டேன், கேட்டுட்டேன். ‘பரவால்ல தம்பி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கேன்’னு எழுதியிருக்காரு.” ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். “திட்டியிருந்தா சோறாவது இறங்கியிருக்கும்ணே.”