கண்ணாடியில் ஐந்து விரல்

ஒரு நாட்டின் வெளிச்சம் என்ன விலைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும், ஐயா. ஓடுகிற நிலையில் உள்ள ஒரு பழைய வேனின் விலை. திரைப்பட நிதி வாரியம் தன் எட்டு நொடிச் சின்னத்துக்கு எங்கள் ஸ்டுடியோவுக்குக் கொடுத்தது அவ்வளவுதான். பேரம் பேசி நான்கு புது டயரின் விலையையும் சேர்த்து வாங்கினேன். கடைவீதியில் வளர்ந்தவன். சொன்ன விலைக்கு ஒத்துக்கொள்ள எனக்கு நாக்கு எழாது.

நீங்களும் அதைப் பார்த்திருப்பீர்கள். வாரியம் காசு கொடுத்த எந்தப் படமானாலும் முதலில் அதுதான் வரும். இருட்டு. உள்ளேயிருந்து ஒரு கை வந்து திரையில் பதியும். விரலிடுக்குகளில் மஞ்சள் வெளிச்சம் கசியும். கை மெல்லச் சறுக்கி இறங்க, வெளிச்சம் திரை முழுக்கப் பரவும். பிறகு வாரியத்தின் பெயர். சத்தமே கிடையாது. இருபத்திரண்டு வருடமாக ஓடுகிறது.

இப்போது அதைப் புதுப்பிக்கிறோம் என்று பழைய பெட்டிகளைக் கிளறியவர்கள் ஒரு சுருளைப் போட்டுப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்திருக்கிறார்கள். எட்டு நொடிச் சின்னத்துக்குப் பதினோரு நிமிடச் சுருள் எதற்கு என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

வரைகிற வேலை என் மச்சானுடையது. என் மனைவியின் தம்பி. பேசுகிற வேலை என்னுடையது. மூன்று மாதம் வரைந்தான். சூரியன் காட்டினோம், புறா காட்டினோம். வாரியத்தின் செயலாளர் அம்மா எதற்கும் மசியவில்லை.

"புறாவா? எங்க ஆபீஸ் ஜன்னல்ல நாப்பது உக்காந்திருக்கு, காசே கேக்காம," என்றார். "பாப்கார்னை வாய்க்குக் கொண்டுபோற கை அப்படியே நிக்கணும். திங்கக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஆளு."

வெளியே வந்ததும் மச்சான் சிரித்தான். "மாமா, பேசாம அந்தம்மா மூஞ்சியவே வரைஞ்சு குடுத்துடுவோம். பாப்கார்ன் என்ன, மூச்சே நின்னுடும்."

ஞாயிறு மதியம் ஸ்டுடியோவில் நாங்கள் இருவர் மட்டும். கீழ்த்தளத்தில் பழைய படச்சுருள்கள் வைக்கும் அறை ஒன்று உண்டு. தீப்பிடித்தால் அணைப்பதற்கு உள்ளே வாயு சிலிண்டர். அது காற்றை வெளியே தள்ளிவிடும். நெருப்புக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் மூச்சு முட்டும். கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து நான்கு மாதம். பூட்டுக்காரர் கேட்ட கூலி அதிகம். இறங்கி வருவார் என்று காத்திருந்தேன். மச்சான் ஏதோ ஒரு பழைய சுருளைத் தேடி, உதட்டில் சிகரெட்டோடு உள்ளே போனான். புகைமணி அடித்தது. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. சிலிண்டர் திறந்தது.

சிலிண்டர் பேரத்தில் வாங்கிய பழசு. சீறாமல் மெல்லத்தான் வாயுவை விட்டது. புதுசாக இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். என் பேரத்தால் அவனுக்கும் ஆதாயம் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மணி கேட்டு இறங்கினேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. தடித்தது, குரல் வெளியே வராது. உள்ளே அபாய விளக்கு மஞ்சளாக எரிந்தது. அவன் கண்ணாடியில் கையை வைத்தான். விரலிடுக்கில் வெளிச்சம் கசிந்தது. என் கையில் டீ டம்ளர் இருந்தது, ஐயா. வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது.

மாடிக்கு ஓடினேன். சாவி ஆணியில் தொங்கியது. அதற்கு நேர் கீழே கேமரா. அதைத் தாங்கும் முக்காலி வேறு கனம். இரண்டு கையும் கேமராவுக்கே போதவில்லை.

எனக்குத் தேவைப்பட்டது எட்டு நொடிதான். மச்சான் நல்ல தொழில்காரன். கேமராவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடை என்று சைகை காட்டினேன், துடைத்தான். கொஞ்சம் இடப்பக்கம் என்றேன், நகர்த்தினான். கதவைத் திறக்க வழி சொல்கிறேன் என்று நினைத்திருப்பான். உதடு 'மாமா' என்று அசைந்தது. அது ஃபிரேமில் வரவில்லை.

பிறகு சாவியை எடுத்துவந்து திறந்தேன். திறந்தது நான்தான். விபத்து என்று அன்றைய போலீஸார் எழுதி மூடினார்கள்.

துக்கத்தைக் கேள்விப்பட்டுச் செயலாளர் அம்மா ஒரு மாதம் தவணை கொடுத்தார். எனக்கு வரையத் தெரியாது. அடியில் விளக்கு எரியும் மேசையில் ஒவ்வொரு ஃபிரேமாகத் தாளில் நகல் எடுத்தேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு முறை அந்தக் கையின் ஓரமாகப் பென்சிலை ஓட்டியிருக்கிறேன். சின்ன வயதில் ஒடிந்து கோணிய சுண்டுவிரல் அவனுக்கு. நேராக்கிப் பார்த்தேன். அழித்த இடத்தில் மறுபடி கோணலாகவே வந்தது. ஒலி சேர்க்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

மழை நாளில் வீட்டு ஜன்னலில் ஆவி படிந்தால், நான் வைக்காத விரல்கள் தெரியும். கண்ணில் கோளாறு இல்லை என்றார் டாக்டர். ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்தேன்.

என் மனைவி அந்தச் சின்னம் வரும் படம் எதையும் விடமாட்டாள். சின்னம் முடிந்ததும் எழுந்துவிடுவாள். அது ஓடும் எட்டு நொடியும் இருட்டில் தன் கையைத் தூக்கி, திரைக்கு நேராக விரித்துப் பிடிப்பாள்.

"தம்பி தன் கையையே பாத்து வரைஞ்சிருக்கான் பாருங்க. சுண்டுவிரல் அப்படியே."

"ஆமா, அவன் கைதான்," என்பேன். இருபத்திரண்டு வருடத்தில் அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

என்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டேன். பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு அந்தச் சுருளில் மூன்றாவது முறை எடுத்ததை மட்டும் போட்டுக் காட்டுங்கள். அது நன்றாக வந்திருக்கிறது.

சுருளின் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். முதல் எடுப்பு இரண்டு நிமிடம், ஃபோகஸ் சரியில்லை. அடுத்தது மூன்று நிமிடம், என் வெள்ளைச் சட்டை கண்ணாடியில் தெரிந்தது. கழற்றி வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அதில் எட்டு நொடி. மீதி, ஆறு நிமிடத்துக்கு எட்டு நொடி குறைவு, வெறும் கண்ணாடியும் மஞ்சள் விளக்கும். கை இறங்கிய பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்கள். சுருளில் மிச்சம் இருந்தது, ஐயா. வீணாக்க எனக்கு மனம் வராது.