குடையோடு ஓடியவன்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி வெடித்தது. நான் குடையை விரித்தேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். கையில் அதுதான் இருந்தது. வானத்திலிருந்து எது வந்தாலும் அது தடுத்திருக்கிறது. குண்டு பக்கவாட்டில் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஓடுகிறேன். தை மாதம். இப்போதுதான் விடிந்தது. கதிரில் பனி. பின்னால் லாரிகள் கியர் மாற்றும் உறுமல். ஒரு விசில். பிறகு 'டப்'. கொக்குகள் மொத்தமாக எழும்புகின்றன.

"வரப்புல ஓடாத மாப்ளே! வாய்க்கால்ல இறங்கு! குடைய மடக்குடா!"

கத்தியவர் வைத்தி மச்சான். என் அக்காள் புருஷன். நான் இறங்கினேன். இன்னொரு 'டப்'. மச்சான் வரப்பிலேயே உட்கார்ந்தார். தொடையைப் பிடித்துக்கொண்டு.

சண்டை ஆறு மா நெல்லுக்கு, அதாவது இரண்டு ஏக்கர். மிராசுதார் நிலத்தில் குத்தகைக்கு நாங்கள் விதைத்தது. ஆட்சி மாறியிருந்தது. குத்தகைக்காரனை இனி எவனும் நிலத்தைவிட்டு இறக்க முடியாது என்று மேடையில் சொன்னார்கள். எல்லோரையும்விட நான்தான் பலமாகக் கைதட்டினேன். மிராசுதார் கைதட்டவில்லை. மேட்டுநிலத்திலிருந்து அடியாளும் அறுப்பாளும் லாரி லாரியாக இறக்கினார். விளைச்சலை எடுத்துவிட்டால் நிலமும் கூடவே எங்கள் கையைவிட்டுப் போய்விடும்.

மச்சானை இழுத்துக்கொண்டு வந்து நானும் அக்காளும் கோரைப்புல்லுக்குள் கிடக்கிறோம். அக்காள் முந்தானையைக் கிழித்து மச்சான் தொடையில் கட்டுகிறாள். தெருப்பக்கம் புகை. கூரை எரியும் சடசடப்பு. வயலில் அரிவாள், சரக் சரக். மத்தியானத்துக்குள் ஆறு மாவும் மொட்டை. தோற்றுவிட்டோம்.

பிறகு சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். அறுத்தவர்கள் வரப்பில் சும்மா நிற்கிறார்கள். மிராசுதாரின் காரியக்காரர் தொண்டை கிழியக் கத்துகிறார்.

"கட்டித் தூக்குங்கடா! களத்துக்குப் போகட்டும்!"

"அறுக்கத்தானேங்க கூட்டியாந்தீங்க?"

மச்சான் அந்த வலியிலும் சிரித்தார். எங்கள் பக்கம் அறுத்தவன்தான் கட்டுவான், சுமப்பான், கதிர் அடிப்பான். களத்தில் நெல்லாக அளந்த பிறகுதான் கூலி. இதையெல்லாம் யாரும் தனியாகப் பேசுவதில்லை. மேட்டுநிலத்தாரிடம் அறுப்புக்கு மட்டும் கூலி பேசிய மிராசுதாருக்கும் மற்றதைப் பேசத் தோன்றவில்லை. அவர் பார்த்தவரை நெல் தானாகவே களத்துக்கு நடந்து வந்திருக்கிறது. லாரி சேற்றில் இறங்காது. ஊரில் ஒருவரும் அவருக்கு மாட்டுவண்டி தரவில்லை. பொழுது சாய, வந்தவர்கள் லாரியேறினார்கள்.

"நாளைக்கு வர்றோம்டா!"

மறுநாள் மழை. தையில் மழை! ஆற்றங்கரைச் சாலை குழைந்துபோனது. யாரும் வரவில்லை. அறுத்துப் போட்டது கிடந்த இடத்திலேயே முளைத்தது.

பெரிய படை ஏன் தோற்கிறது என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வர ஆள் சேர்த்தார்கள். அறுக்க ஆள் சேர்த்தார்கள். மறுநாள் அங்கே இருப்பதற்கு ஒருவரையும் சேர்க்கவில்லை. நாங்கள் இருந்தோம். போக வேறு இடம் இல்லை.

அந்த மறுநாள் மழையிலேயே மச்சானை மாட்டுவண்டியில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க மழை. வழி முழுக்க நான் குடை பிடித்தேன். பாதி வழியில், அவருக்கு நனைவதைப் பற்றிய கவலை இல்லாமல் போனது. அதன் பிறகும் பிடித்துக்கொண்டே வந்தேன்.

போனவை. வைத்தி மச்சான். ஏழு வீடு. ஒரு சினை ஆடு. ஆறு மா நெல். அவர்களுக்கும் போனது அதே ஆறு மா நெல்தான். குடை பிழைத்துக்கொண்டது.

எரிந்த வீட்டின் சாம்பலை அக்காள் கிளறிக்கொண்டிருந்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"நாமதானே ஜெயிச்சோம், அக்கா?"

அவள் நிமிரவில்லை.

"விதைநெல்லு யார்கிட்டயாவது கேட்டுட்டு வா."