வெள்ளைக்கொடி தெரிந்தது

ஞாயிற்றுக்கிழமைகளில் என் பட்டறைக்கு விடுமுறை. தாராவியில் பெல்ட் தைக்கிறவனுக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டும். அன்று மத்தியானம் தோல் வெட்டும் மேஜையில் சைனப் தன் போர் ஆட்டத்தின் வரைபடத்தை விரிப்பாள். சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். ஆட்டத்தின் கதையும் விதிகளும் அவளுடையவை. மலைநாட்டுக்கு நான் அரசன். ஆற்றுநாட்டுக்கு அல்தாப். பக்கத்துச் சந்தில் பை தைக்கிறவன். என்னை அண்ணாச்சி என்பான்.

போர்க்குற்ற விசாரணை என்று சைனப் சொன்னபோது நான் மறுக்கவில்லை. மூவருக்கும் அரை கிளாஸ் கட்டிங் சாய் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். போர் மூன்று வாரமாக இழுத்தது. அல்தாப்பின் குடிமக்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வெள்ளைக்கொடியோடு என் கோட்டைக்கு வந்தார்கள். சோறு போட்டேன். இதை யாரும் சொல்வதில்லை. குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று அணைக்குக் கீழே பள்ளத்து மண்டபத்தில் தங்கவைத்தேன். வெளியே பூட்டியது அவர்களுடைய பாதுகாப்புக்காக. அடுத்த சுற்றில் அணையின் மதகைத் திறந்தேன்.

“மதக மூடிருவமா, மாமா?” என்று சைனப் கேட்டாள். வேண்டாம் என்றேன். தண்ணீர் இடுப்பளவு வந்ததும் கேட்டாள், கழுத்தளவு வந்ததும் கேட்டாள். விவரமான பெண். மூன்று முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். பேச்சு மாறுவது எனக்குப் பிடிக்காது.

விசாரணையில் இரண்டு காரணங்கள் சொன்னேன். அவர்களுக்குள் ஒற்றர் இருக்கலாம். என் தானியமும் போதாது. சைனப் தன் நோட்டைப் புரட்டினாள். ஒற்றர் ஒருவரும் இல்லை, தானியம் இரண்டு வருடத்துக்கு இருந்தது என்றாள். எனக்கும் அது தெரியும்.

இனி ஆட்டத்துக்கு வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு விசாரணைக்கு மட்டும் வந்திருந்த அல்தாப் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

“வெள்ளக்கொடிய பாத்தியளா இல்லியா, அண்ணாச்சி?”

“பாத்தேன்டே.”

“பொறவு ஏன்?”

நல்ல பையன். அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பெரிய காரியம் எதற்கும் பகடையில் ஆறு விழ வேண்டும். மூன்று வாரமாக எனக்கு ஒன்றும் இரண்டுமாகவே விழுந்துகொண்டிருந்தது. அன்று ஆறு விழுந்தது. செய்வதற்கு வேறு பெரிய காரியம் எதுவும் கையில் இல்லை. வீணாக்க மனம் வரவில்லை.

அல்தாப் பகடையை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நான் செய்ததற்கு அது கொஞ்சம் அதிகப்படியான தண்டனை என்றே எனக்குப் பட்டது.